பள்ளி திறப்பு தள்ளிப்போனால் மதிய உணவு?

மே மாதம் முடியும்போது பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: பள்ளி எப்போது திறக்கும்? 2023-இல் ஜூன் 1, 5 என்று சொன்ன தேதிகள், வெயிலால் ஜூன் 7-க்கும் பின்னர் 12, 14-க்கும் தள்ளிப்போயின. 2024-இல் ஜூன் 6 என்பது 10 ஆனது. 2025-இல் ஜூன் 2-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள்.

தள்ளிவையுங்கள் என்று கேட்கும் பெற்றோரை நாம் குறைசொல்ல மாட்டோம். அனல் அடிக்கும் வகுப்பறையில் பிள்ளை எப்படிப் படிக்கும்? ஆனால் மூங்கில்துறைப்பட்டு போன்ற ஊரில், கரும்பு வயலுக்குக் கூலிக்குப் போகும் தாய்க்கு இன்னொரு கணக்கும் உண்டு. மதியம் சத்துணவு, ஐந்தாம் வகுப்பு வரை, 2022-இல் தொடங்கி 2023-இல் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவு. பள்ளி மூடினால் இரு வேளை உணவு நிற்கும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. தென்பெண்ணை ஆறோ பக்கத்திலேயே.

2024 டிசம்பர் புயலில் சாத்தனூர் அணை திறந்து ஆறு பெருகியபோது விட்ட விடுமுறை வேறு. அதை யாரும் மறுக்கவில்லை.

இழந்த நாள்களைச் சனிக்கிழமை வகுப்புகளால் ஈடுசெய்யலாம் என்பார்கள். பாடத்துக்கு அது சரி. சாப்பாட்டுக்கு? கொரோனா காலத்தில், 2020-இல், சத்துணவுப் பிள்ளைகளுக்கு அரிசியும் பருப்பும் வீட்டுக்கே தந்தார்கள். திறப்பு தள்ளிப்போகும் நாள்களுக்கும் அப்படித் தரலாமே. அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவர் பெற்றோரில் ஒருவர்தான். அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே எழுதி அனுப்பலாம்.