நாட்டின் கணக்கும் வீட்டின் கணக்கும்

கரியமில வாயுவைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் நம் அன்பர்கள் உடனே ஒரு விடை கூறுவதுண்டு. “மேல்நாட்டார் இருநூறு ஆண்டுகள் நிலக்கரியை எரித்துச் செல்வம் சேர்த்தார்கள். நாம் சற்றே நிமிரும் வேளையில் நம்மை விளக்கை அணைக்கச் சொல்கிறார்களே, இது என்ன நியாயம்?” என்பர். இதில் உண்மை இல்லாமலில்லை. உலக மன்றங்களில் நம் நாடு பல்லாண்டுகளாக எடுத்துரைத்து வரும் வாதமும் இதுவே.

1992-ஆம் ஆண்டில் ரியோ நகரில் கையெழுத்தான உடன்படிக்கை, இப்பொறுப்பு எல்லா நாடுகளுக்கும் பொதுவானது, ஆயினும் அளவில் வேறுபட்டது என்று ஒப்புக்கொண்டது. ஆண்டொன்றுக்கு இந்தியர் ஒருவர் பங்காக வெளியாகும் கரியமில வாயு ஏறத்தாழ 2 டன். உலகச் சராசரி நாலரை டன்னுக்கும் மேல். அமெரிக்கர் ஒருவரின் பங்கோ 14 டன் அளவில் நிற்கிறது. தொழிற்புரட்சி தொடங்கி இன்றுவரை வானில் சேர்ந்த மொத்தத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அமெரிக்காவினுடையது. நம்முடையது நூற்றுக்கு நான்கிற்கும் குறைவு. ஆகவே முதலில் எரித்தவர் முதலில் குறைக்கட்டும் என்று நம் தூதர் அங்கே வாதிடுவது முறையே. செம்பூரில் குளிரூட்டிய அறையில் அமர்ந்துகொண்டு நாமும் அதையே சொல்வது முறையா என்பதுதான் என் கேள்வி.

அந்த 2 டன் என்பது சராசரி. நாட்டின் எஃகு, சிமெண்டு, உரம் அனைத்தின் புகையும் அதில் அடக்கம். அதைத் தாழ்த்தி வைத்திருப்பவர் யார்? ஒற்றை விளக்கில் வாழும் கோடிக்கணக்கானவர்களே. அவர்களுடைய இல்லாமையைக் கூட்டிப் பெருக்கி வகுத்துக் கிடைத்த எண்ணை நாம் நமக்குக் கேடயமாகப் பிடித்துக்கொள்கிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். செம்பூரில் அடுக்குமாடியில் நால்வர் கொண்ட ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். வெயில் மாதங்களில் 150 இரவுகள் ஏ.சி. ஓடுகிறது, இரவுக்கு 8 யூனிட் வீதம் 1,200 யூனிட். விளக்கு, குளிர்பதனப்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் முதலியவற்றுக்கு மேலும் 1,200 யூனிட். நம் நாட்டில் மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து வருவதால், யூனிட் ஒன்றுக்கு 700 கிராம் கரியமில வாயு என்று கொள்ளலாம். ஆக 1,680 கிலோ. காருக்கு ஆண்டில் 400 லிட்டர் பெட்ரோல்; லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் 920 கிலோ. (முக்கால் கிலோ எடையுள்ள ஒரு லிட்டர் பெட்ரோல் எவ்வாறு 2.3 கிலோ வாயு ஆகும் என்று சிலர் ஐயுறுவர். எரியும்போது ஒவ்வொரு 12 பங்கு கரியும் காற்றிலிருந்து 32 பங்கு பிராணவாயுவைச் சேர்த்துக்கொள்கிறது. எடை அங்கிருந்து வருகிறது.) சமையல் வாயு உருளை எட்டு, ஒன்றுக்கு 42 கிலோ வீதம் 336 கிலோ. இனி, ஆண்டில் இருமுறை நால்வரும் ஆகாய விமானத்தில் சென்னை சென்று திரும்புகின்றனர். ஒரு வழிக்கு ஒருவர் பங்கு ஏறக்குறைய 90 கிலோ. மொத்தம் 1,440 கிலோ. எல்லாம் கூட்டினால் 4,376 கிலோ. தலைக்கு ஏறத்தாழ 1,100 கிலோ. வீட்டின் சிமெண்டும் காரின் எஃகும் உடுத்தும் துணியும் இன்னும் கணக்கில் சேரவில்லை.

இப்போது தாராவி தொண்ணூறடிச் சாலைக்கு வருவோம். அங்கேயும் நம்மவர்தாம், திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்து தலைமுறைகளாக வாழ்பவர்கள். ஐவர் கொண்ட குடும்பம். மாதம் 100 யூனிட் மின்சாரம், ஆண்டுக்கு எட்டு உருளை. தலைக்கு 240 கிலோவைத் தாண்டாது. ஊருக்குச் செல்வது ரெயிலில். அது சேர்க்கும் பாரம் சிறிது. போதாததற்கு, நாம் வீசியெறியும் பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்து மீண்டும் பொருளாக்குவதும் அப்பகுதி மக்களே. செம்பூருக்கும் தாராவிக்கும் இடையே தூரம் நான்கைந்து மைல். இரு வீடுகளின் கணக்கில் உள்ள வித்தியாசமோ நான்கு மடங்குக்கு மேல். தகரக் கூரையின் கீழ் வேகும் அக்குடும்பத்தைப் பார்த்துக் குறைத்துக்கொள் என்று சொல்ல எவருக்கும் நா எழாது. அவர்கள் இன்னும் சற்று மிகுதியாகவே செலவிட உரிமை உடையவர்கள். அமெரிக்கரிடம் நாம் கேட்கும் நியாயம் அதுவேயல்லவா?

இதனால் நமக்கு என்ன நேரும் என்று கேட்பவர்கள் 2005 ஜூலை 26-ஐ நினைவுகூரட்டும். அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம்மில் பலருடைய பூர்விகப் பகுதியான தாமிரபரணிக் கரை மூழ்கியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். திருவைகுண்டத்தில் ரெயில் ஒன்று வெள்ளத்தின் நடுவே நின்றுவிட, பயணிகள் அங்கேயே தவித்தனர். ஒரு குறிப்பிட்ட மழைக்கு இதுவே காரணம் என்று அறிவியலார் அவசரப்பட்டுச் சொல்வதில்லை. ஆனால் வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் காற்று ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பது உறுதி. பெய்யும்போது அதுவும் சேர்ந்தே பெய்யும். குடியேறிய ஊரும் பிறந்த ஊரும் ஆக இரண்டு கரைகளில் நமக்குக் கவலை.

அரசாங்கம் வாளாவிருக்கவில்லை. 2070-க்குள் நிகர வெளியீட்டைச் சூனியமாக்குவதாக 2021-இல் கிளாஸ்கோவில் பிரதமர் அறிவித்தார். மின்நிலையங்களின் மொத்தத் திறனில் பாதி, நிலக்கரி முதலிய எரிபொருள் சாராததாக 2025 ஜூனிலேயே ஆகிவிட்டது. ஆயினும் திறன் வேறு, விளைவு வேறு. சூரியன் மறைந்தபின் நாம் ஏ.சி.யைத் திருகும் வேளையில் சுமையைத் தாங்குவது பெரும்பாலும் நிலக்கரியே. ஆகையால் இரவில் மிச்சமாகும் யூனிட்டுக்குத் தனி மதிப்பு உண்டு. ஏ.சி.யை ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் மின்சாரத்தில் நூற்றுக்கு ஆறு பங்கு மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பு கணக்கிட்டுள்ளது. பதினெட்டில் வைத்துக்கொண்டு கம்பளி போர்த்துக்கொள்ளும் நம்மவர் வழக்கம் எனக்கு விளங்குவதேயில்லை.

நமது வீட்டுவசதிச் சங்கங்கள் மொட்டை மாடியில் சூரியத் தகடு அமைக்க, 2024 பிப்ரவரியில் தொடங்கிய திட்டத்தின்படி, பொது உபயோகத்துக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் உதவி உண்டு. மாடி யாருக்குச் சொந்தம் என்ற வழக்கை ஓராண்டு ஒத்திவைத்தால் மின்தூக்கியும் நீரேற்றும் பம்பும் பகலில் வெயிலிலேயே ஓடும்.

ஆனால் மேலே போட்ட கணக்கில் மூன்றில் ஒரு பங்கு விமானம் என்பதைக் கவனித்திருப்பீர்கள். இங்கேதான் வீட்டின் கடமையும் நாட்டின் கடமையும் ஒன்றையொன்று தொடுகின்றன. இந்தியாவின் முதல் மின்சார ரெயில் ஓடியது இந்த ஊரில். 1925 பிப்ரவரி 3-இல், விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லா வரை. இன்று நாட்டின் அகலப்பாதை ஏறக்குறைய முழுவதும் மின்மயமாகிவிட்டது. ஆயினும் பொங்கலுக்கும் பள்ளி விடுமுறைக்கும் படுக்கை கிடைக்காமல், வேறு வழியின்றி விமானம் ஏறும் குடும்பங்கள் நம்மில் எத்தனை! அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. கூடுதல் வண்டிகளை விடுவது அரசாங்கத்தின் பொறுப்பு. கேட்டு வாங்குவது நம் பொறுப்பு. சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் பண்டிகைக் காலச் சிறப்பு வண்டிகள் வேண்டுமென்று கையொப்பமிட்ட மனு ஒன்றை, விடுமுறைக்கு முந்திய வாரத்தில் அன்றி, ஆறு மாதம் முன்னரே நம் சங்கம் ரெயில்வேக்கு அளித்தல் நன்று. இருக்கும் வண்டிகளுக்கான முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது. போகிக்கு ஊர்போய்ச் சேர விரும்புவோர் நவம்பர் நடுவிலேயே விழித்திருக்க வேண்டும்.