பெற்றோரிடம் நாம் சொல்லாமல் விடுவது

இரண்டாம் பருவப் புத்தகங்கள் பள்ளிக்கு வந்து சேரும் நேரத்தில் இந்த இதழ் உங்கள் கைக்கு வருகிறது. நீடாமங்கலம் வட்டாரத்தில் இது குறுவை அறுவடையும் சம்பா நடவும் ஒன்றன்மேல் ஒன்று வந்து விழும் மாதம். கொள்முதல் நிலையங்களில் நெல் குவிந்திருக்கிறது. சரக்கு ரயிலில் ஏற்ற மூட்டை லாரிகள் ஸ்டேஷன் பக்கம் வரிசை கட்டுகின்றன. கேட் அடைத்துவிட்டால் தஞ்சாவூர் பேருந்தும் பள்ளி வேனும் ஒன்றாக நிற்கின்றன. பெற்றோர் கூட்டத்துக்கு ஆளே வருவதில்லை என்று நம் ஆசிரியர்கள் அதிகம் வருந்துவதும் இந்த மாதத்தில்தான். அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் வந்தவர்களிடம் நாம் என்ன சொல்லி அனுப்புகிறோம் என்பதைப் பற்றி நாம் போதிய அளவு பேசிக்கொள்வதில்லை.

"நல்லாத்தான் படிக்கிறான், கொஞ்சம் வால்தனம் பண்றான், வீட்ல கவனிச்சுக்குங்கம்மா." பதிவேட்டில் கையெழுத்து அல்லது கைநாட்டு. அந்த அம்மா திரும்பிப் போகிறார். ஒரு பிள்ளையின் ஓராண்டுப் படிப்பைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இதைக் குற்றச்சாட்டாக எழுதவில்லை. இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைத் தூக்கிச் சுமக்கும் பள்ளிகளில், ஒருவர் பயிற்சிக்குப் போன நாளில், இதற்கு மேல் பேச நேரம் எங்கே இருக்கிறது? இருந்தாலும் இது போதாது. சட்டமும் இதைப் போதுமென்று சொல்லவில்லை.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தை 25 விழுக்காடு இடஒதுக்கீட்டுக்காகவே ஊரில் பலரும் அறிவார்கள். அதன் 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. நேரத்துக்கு வருவது, பாடத்திட்டத்தை முடிப்பது என்பவற்றோடு இன்னொன்றும் அங்கே இருக்கிறது: பெற்றோரையும் பாதுகாவலரையும் முறையாகச் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் கண்ட முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும். பெற்றோர் வந்து கேட்டால் பதில் சொல்வதாக அந்தக் கடமை எழுதப்படவில்லை. நாமாகத் தெரிவிக்க வேண்டும். 'பாதுகாவலர்' என்ற சொல்லும் நம் பகுதிக்கு முக்கியமானது. அப்பா திருப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்க, அம்மா நடவுக்குப் போக, பள்ளிக்கு வருவது அப்பாயிதான். "எனக்கு என்னங்க டீச்சர் தெரியும், நான் கைநாட்டு" என்று அவர் தள்ளி நிற்கும்போது நாமும் பேச்சை முடித்துக்கொள்கிறோம்.

அவரிடம் சொல்ல வேண்டிய முதல் செய்தி, பிள்ளை இன்று எந்த இடத்தில் நிற்கிறது என்பது. 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியபோது ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும், அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கும் முறை வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்ற பெயர்கள் நமக்குப் பழகிவிட்டன. பெற்றோருக்கு அவை பூப்பெயர்கள் மட்டுமே. மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பு நிலையில் இருக்கிறது என்றால் அது முதல் வகுப்பு எழுத்துகளிலேயே இன்னும் தடுமாறுகிறது என்று பொருள். இதை எத்தனை பெற்றோர் அறிவார்கள்? சொன்னால் மனம் நோகும், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு அடிப்பார்கள் என்று தயங்குகிறோம். அந்தத் தயக்கம் பிள்ளையின் மீதுள்ள அன்பில் பிறந்தது. ஆனாலும் அதன் விலையைக் கடைசியில் பிள்ளைதான் கொடுக்கிறது.

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை. 2019இல் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்தபோது நம் வட்டாரத்துப் பெற்றோர் பட்ட கலக்கம் நினைவிருக்கும். 2020 பிப்ரவரியில் அது கைவிடப்பட்டது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் எட்டு வரை தேர்ச்சி என்பதையே உறுதி செய்தது. இந்த இதழ் அதை முழுமனதாக ஆதரிக்கிறது. பத்து வயதுப் பிள்ளையைத் தோற்றவன் என்று முத்திரை குத்தி வயல் வேலைக்கோ கடை வேலைக்கோ அனுப்பிவிட்ட காலம் நமக்குத் தெரியும். ஆனால் தோல்வி இல்லாத முறையில் ஆசிரியரின் வாய்ச்சொல்லே பெற்றோருக்குக் கிடைக்கும் ஒரே எச்சரிக்கை. ஆல் பாஸ் என்ற தாளை வாங்கிக்கொண்டு போகும் அம்மா பிள்ளைக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்றுதான் நம்புவார். ஆறாம் வகுப்பில் புதிய பள்ளி, பாடத்துக்கு ஓர் ஆசிரியர், பெரிய புத்தகம் என்று வரும்போதுதான் உண்மை தெரியும்.

எப்படிச் சொல்வது? கேட்க வைத்துச் சொல்வதுதான் நாம் கண்டவற்றில் சிறந்த வழி. பெற்றோர் கூட்டத்தன்று பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, அதன் நிலைக்கேற்ற நான்கு வரியை வாசிக்கச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயிக்கும் காது இருக்கிறது. பேரன் ஓடுகிறானா, ஒவ்வோர் எழுத்தாகத் தத்தி நிற்கிறானா என்பதை எந்த மதிப்பெண் பட்டியலும் இல்லாமல் அவரால் புரிந்துகொள்ள முடியும். பின்னர் ஆசிரியர் சொல்வது அவருக்கு விளங்கும்: "எழுத்து எல்லாம் தெரியுதும்மா. ஒத்தக்கொம்பு, ரெட்டக்கொம்பு வர்ற எழுத்துலதான் தடுமாறுது. பொங்கலுக்குள்ள சின்னச் சின்ன வாக்கியம் வாசிக்கணும். மழைக்கு லீவு விட்டா பரவாயில்ல, நீங்களா நிறுத்திடாதீங்க." கணக்கிலும் இப்படித்தான். 'கணக்கு வீக்' என்பதால் யாருக்கும் பயனில்லை. கூட்டல் வருகிறது, கடன் வாங்கிக் கழிக்கும்போது தவறுகிறது, காரணம் பத்துகளும் ஒன்றுகளும் இன்னும் மனதில் பிரியவில்லை என்று சொன்னால் கேட்பவருக்கு ஒரு பிடி கிடைக்கிறது. நெல்லை மரக்காலில் அளந்து பழகிய தாத்தாவுக்குப் பத்துப் பத்தாகக் கட்டிக் காட்டுவது புதிதல்ல. நாற்றுக்கட்டை எண்ணத் தெரிந்த அம்மாவுக்கும் அப்படியே. பிள்ளைக்கு அவர்கள் அதைச் செய்து காட்டலாம் என்று நாம் எடுத்துச் சொல்லவேண்டும், அவ்வளவுதான்.

அப்பா வெளியூரில் இருந்தால் பிள்ளை வாசிப்பதை அரை நிமிடக் குரல்பதிவாக அவருடைய வாட்ஸ்ஆப்புக்கு அனுப்பலாம். ஜூலையில் ஒன்று, ஜனவரியில் ஒன்று. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் அவருக்கே தெரிந்துவிடும்.

இனி வருகை. தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், 800 கற்பித்தல் மணி என்று சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. காவிரிப் பாசனப் பகுதியில் இந்தக் கணக்கு ஒரே சீராக ஓடுவதில்லை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை கொட்டும் மாதங்கள்தான் நம் இரண்டாம் பருவம். புயல் சின்னம் என்றால் ஆட்சியர் விடுமுறை அறிவிக்கிறார். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரை கடந்தபின் இந்த மாவட்டத்துப் பள்ளிகள் பல நாட்கள் முகாம்களாகக் கிடந்தன. அது பெரும் பேரிடர். பேரிடர் இல்லாத ஆண்டிலும் வெண்ணாற்றிலும் கோரையாற்றிலும் தண்ணீர் நிறைந்து, தாழ்ந்த தெருக்களில் முழங்கால் நீர் நின்றால் சின்னப் பிள்ளைகள் வரமாட்டார்கள். ஆக, நடுப்பருவத்தில் இழக்கும் நாட்கள் நம் பிள்ளைகளுக்கு அதிகம். அதே பருவத்தில்தான் முதல் வகுப்புப் பிள்ளை உயிர்மெய்க்குள் நுழைந்து, துணைக்காலும் கொம்பும் பழகி, எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்கும் வேலையில் இருக்கிறது. அங்கே பத்து நாள் தொடர்ந்து விட்டால் பிள்ளை முன்பு நின்ற இடத்துக்கும் பின்னால் போய்விடும்.

பெற்றோர் இதை அறிய மாட்டார்கள். முதல் வகுப்பில் என்ன பெரிய படிப்பு, பத்தாம் வகுப்பில் விட்டால்தானே கஷ்டம் என்பது ஊரில் எல்லோரும் நம்பும் கணக்கு. நாற்றங்காலில் பயிர் வெளுத்தால் நடவுக்குப் பின் எத்தனை மூட்டை உரம் போட்டாலும் ஈடுகட்ட முடியாது என்று அவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளைக்கும் அதுதான் என்று சொன்னால் போதும். குலதெய்வத்துக்குப் போவதையும் மாமன் வீட்டுக் காதுகுத்தையும் தடுக்க யாராலும் முடியாது, தடுக்கவும் வேண்டாம். நான்கு நாள் போகிற இடத்தில் இரண்டு நாளில் திரும்பச் சொல்லலாம். தை அறுவடை முடிந்து வயலில் உளுந்தும் பயறும் முதிரும்போது, பறிக்கப் பெரிய பிள்ளைகளைக் கூட்டிப் போவதும், அவர்கள் பின்னால் சின்னவை ஓடுவதும் நடக்கும். அது மூன்றாம் பருவம். அப்போதும் இதே பேச்சு வேண்டும்.

நடவு நாளில் அம்மா ஏழு மணிக்குள் வயலில் இறங்கிவிடுகிறார். பிள்ளை பழையதையோ வெறும் டீயையோ குடித்துவிட்டு வரும் காலம் ஒன்று இருந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 அன்று பக்கத்திலிருக்கும் திருக்குவளையிலிருந்து மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்தது. பிறகு அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ சூடாக இருக்கிறது என்று பெற்றோருக்குத் தெரியும். மணி அடிக்கும் நேரத்துக்கு வந்தால் அது கிடைக்காது என்பதையும், பசியோடு உட்கார்ந்த பிள்ளைக்கு முதல் பாடவேளை வீண் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கும் குடற்புழு மாத்திரையைச் சில வீடுகளில் பயந்து வேண்டாம் என்கிறார்கள். சேற்றில் வெறுங்காலோடு நடக்கும் ஊரில் அந்த மாத்திரை ஏன் தேவை என்பதை ஆசிரியர் சொன்னால் கேட்பார்கள். கரும்பலகையைப் பார்த்துத் தப்பும் தவறுமாக எழுதும் பிள்ளைக்குக் கண் சோதனை வேண்டும் என்பதையும் முதலில் கண்டுபிடிப்பது நாம்தான்.

தனியார் மழலையர் பள்ளியில் ஓராண்டு இருந்துவிட்டு நம்மிடம் முதல் வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோரிடம் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. "அங்க ஏபிசிடி எழுதிச்சு, இங்க பாட்டுப் பாடிக்கிட்டிருக்குது" என்கிறார்கள். பாட்டிலும் கதையிலும் என்ன நடக்கிறது என்று நாம் விளக்கியதில்லை என்பதால் வரும் குறை அது. ஒரு நாள் காலை ஒரு மணி நேரம் வகுப்பின் ஓரத்தில் அவர்களை உட்கார வைத்துப் பாருங்கள். கதை கேட்ட பிள்ளை அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்வதையும், சொன்னதிலிருந்து ஒரு சொல்லை எடுத்து ஆசிரியர் எழுத்துக்குக் கொண்டுபோவதையும் நேரில் பார்த்தவர் அடுத்த மாதம் வேன் தேடமாட்டார். வீட்டுப்பாடத்தைத் தாங்கள்தான் முடித்துத் தரவேண்டும், முடியாவிட்டால் டியூஷன் வைக்கவேண்டும் என்ற அச்சத்தையும் அன்றே போக்கிவிடலாம். படிக்காத பெற்றோர் செய்யக்கூடியது நிறைய உண்டு. இன்றைக்கு என்ன கதை என்று இரவில் கேட்பது, கடைக்கு அனுப்பி மீதிச் சில்லறையை எண்ணச் சொல்வது, டிவியை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் பிள்ளையைப் பேசவிடுவது. பணம் எதற்கும் தேவையில்லை.

ஒரு பெரிய விஷயம் மிச்சம் இருக்கிறது. நீடாமங்கலத்திலிருந்து சிறிது நேரப் பேருந்துப் பயணத்தில் கும்பகோணம். 2004 ஜூலை 16 அன்று அங்கே ஒரு பள்ளியின் கூரை தீப்பிடித்து 94 பிள்ளைகள் இறந்தார்கள். அத்தனையும் தொடக்க வகுப்பு வயது. கீற்றுக்கூரையும் குறுகிய படியும் அன்று காலை முளைத்தவை அல்ல. தினமும் பிள்ளையை வாசல்வரை கொண்டுவந்து விட்டவர்களுக்கு உள்ளே போய்ப் பார்க்கவும் கேட்கவும் இடமில்லாமல் இருந்தது. இன்று பள்ளி மேலாண்மைக் குழு அந்த இடத்தைச் சட்டப்படி தருகிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். ஆனால் சில பள்ளிகளில் குழு உறுப்பினர் தாம் உறுப்பினர் என்பதையே அறியாமல் இருக்கிறார். தீர்மானப் பதிவேடு வீடு தேடிப் போய்க் கையெழுத்து வாங்கி வருகிறது. இதை நாம் நிறுத்த வேண்டும். மின்கம்பி தொங்குகிறதா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, மழைக்கு எந்தச் சுவர் ஊறுகிறது என்று பெற்றோர் சுற்றிப் பார்த்துக் கேட்கட்டும். கேள்வி கேட்கும் பெற்றோர் ஆசிரியருக்கு எதிரி அல்லர். பழுது பார்க்கக் கோரி நாம் எழுதும் கடிதத்துக்கு அவர்களின் தீர்மானம் வலு சேர்க்கும்.

துறைக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. இந்தப் பேச்சுகள் எல்லாம் ஆசிரியரின் நேரத்தைக் கேட்பவை. செயலியில் பதிவேற்றும் வேலை முடிந்து மீதமாகும் பத்து நிமிடத்தில் இவை நடக்காது. நடவு, அறுவடை மாதங்களில் பெற்றோர் கூட்டத்தை மாலை ஆறு மணிக்குத் தெருவிலோ கோயில் மண்டபத்திலோ நடத்த வட்டார அளவில் அனுமதி வேண்டும், அந்த நேரத்தைப் பணி நேரமாகக் கணக்கிட வேண்டும். கூட்டத் தேதியை மாநிலம் முழுவதற்கும் ஒரே நாளாக அறிவிப்பதை விட்டு, மாதத்துக்குள் எந்த நாள் என்பதைப் பள்ளியே முடிவு செய்ய விடலாம். மேட்டூர் திறக்கும் தேதியும் முறைப்பாசன நாட்களும் நீர்வளத் துறைக்கு மட்டும் உரிய செய்திகள் அல்ல. எங்கள் பெற்றோர் எப்போது வீட்டில் இருப்பார்கள் என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன. ஈராசிரியர் பள்ளிகளில் பெற்றோர் சந்திப்பு வாரத்தில் பயிற்சிக்கு அழைக்காமல் இருந்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

இந்தப் பருவத்துக்கான கூட்டம் உங்கள் பள்ளியில் இன்னும் நடக்கவில்லை என்றால், அரும்பு நிலையில் இருக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளிலிருந்து தொடங்குங்கள். அவர்கள் கூட்டத்துக்கு வராவிட்டால் நாம் போகலாம். நவம்பர் மழை வலுப்பதற்கு முன் போய்விடுவது நல்லது.