கிளம்பினால் போதுமா, நிற்க வேண்டாமா?

டொரான்டோவில் இருக்கும் என் மகன் தினமும் ஆபீஸ் போக போர்ஷே 911 கரேரா 4 வாங்கப்போகிறான். "நாலு சக்கரமும் இழுக்கும்ப்பா, பனியில் பயமில்லை" என்கிறான். இது தப்புக்கணக்கு என்று அடித்துச் சொல்வேன். நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் விசை போனால் வண்டி சறுக்காமல் கிளம்பும். நிற்பதற்கு அது உதவாது. பிரேக் எல்லாக் காரிலும் நாலு சக்கரத்துக்கும்தான். தரையைப் பிடிப்பது டயர். 7 டிகிரிக்குக் கீழே கோடை டயரின் ரப்பர் இறுகிவிடும். குளிர்கால டயர் கியூபெக்கில் சட்டப்படி கட்டாயம், ஒன்டாரியோவில் இல்லை. பெரிய சக்கரம், தோல் இருக்கை என்று பட்டியலில் டிக் அடித்தவன், டயரை மட்டும் "அப்புறம் பார்க்கலாம்" என்கிறான். முதலில் டயருக்குப் பணம் எடுத்து வை, மிச்சத்தில் தோலைப் பார் என்றேன். கோபித்துக்கொண்டான். பின்சீட்டில் உட்காரப்போவது என் பேரன். நான் விடுவதாக இல்லை.