சாவிக்கொத்தும் மாத்திரையும்

உப்பல் ரிங் ரோடு பஸ் நிறுத்தத்தில் யாராவது வலிப்பு வந்து விழுந்துவிட்டால் நாலு பேர் ஓடி வருவார்கள். வந்தவர்கள் முதலில் தேடுவது சாவிக்கொத்தை. அது அகப்படாவிட்டால் பக்கத்து மெக்கானிக் கடையிலிருந்து ஸ்பானர் வரும். தமிழர், தெலுங்கர் என்ற பேதம் இதில் கிடையாது.

இரும்பைக் கையில் திணித்ததும் வலிப்பு நின்றுவிட்டது என்று சாட்சி சொல்வோர் உண்டு. பெரும்பாலான வலிப்பு இரண்டொரு நிமிஷத்தில் தானே அடங்கிவிடும். அடங்குகிற நேரத்துக்குச் சாவி வந்து சேருகிறது, அவ்வளவுதான். காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை காக்காய் வலிப்புக்கும் பொருந்தும்!

மூளையின் நரம்பணுக்கள் நுண்ணிய மின்சாரத்தால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. சில சமயம் அவை கட்டுமீறி ஒரே நேரத்தில் மின்சாரத்தைக் கொட்டிவிடுகின்றன. அதுவே வலிப்பு. தலையில் பட்ட பழைய அடி, பிரசவத்தின்போது ஏற்பட்ட மூச்சுத் திணறல், மூளைக் காய்ச்சல், நாடாப்புழு முட்டை கலந்த அசுத்த உணவு என்று காரணங்கள் பல. பலருக்குக் காரணமே தெரிவதில்லை. இது பேயும் அல்ல, பாவமும் அல்ல. தொட்டால் ஒட்டுவதும் இல்லை.

மறைப்பதே கேடு

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு என்றும், முறையான சிகிச்சை கிடைத்தால் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 1912-ல் வழக்கத்துக்கு வந்த பினோபார்பிட்டோன் மாத்திரை இன்றும் மலிவாகவே கிடைக்கிறது. மருந்து இருந்தும் பலர் அதை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. நோயை மறைப்பதே இதற்கு முக்கிய காரணம்.

அறைத் தோழர்கள் பார்த்துவிடுவார்களோ என்று ஒரு வேளை மாத்திரை தவறுகிறது. இரவு ஷிப்டில் தூக்கமும் கெடுகிறது. சார்மினார் எக்ஸ்பிரஸில் ஊருக்குப் புறப்படும் பெட்டியில் துணிமணி இருக்கும், பிள்ளைகளுக்குப் பிஸ்கட் இருக்கும். உறவினர் கண்ணில் படக்கூடாதென்று மாத்திரை மட்டும் இங்கேயே தங்கிவிடும். மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

பெண்கள் நிலை இன்னும் பரிதாபம். அடிக்கடி வலிப்பு வருவதைத் திருமணத்துக்குத் தடையாக 1976-ம் ஆண்டுத் திருத்தம் இந்து திருமணச் சட்டத்தில் சேர்த்தது. 1999-ல் அந்தச் சொல் நீக்கப்பட்டது. சட்டமே மனம் மாறிய பிறகும் சம்பந்தம் பேசுவோர் மாறவில்லை. ஆகவே பெற்றோர் மறைக்கிறார்கள். புகுந்த வீட்டில் அந்தப் பெண் மாத்திரையையே விட்டுவிடுகிறாள். கருத்தரிக்கும் முன்பே டாக்டரிடம் மருந்தைப் பற்றிக் கேட்க வேண்டியவள் அவள். நோயைச் சொல்லாமல் எப்படிக் கேட்பாள்?

சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானதே. வண்டி ஓட்டுவது, உயரத்தில் ஏறுவது, ஓடும் இயந்திரத்தருகே நிற்பது ஆகியவை ஆபத்துத்தான். ஆனால் கணக்கு எழுதவும் பில் போடவும் என்ன தடை? முதலாளிகள் வேலையை மாற்றிக் கொடுக்கலாம். ஆளையே நீக்குவது அநியாயம்.

செய்ய வேண்டியது

விழுந்தவரை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, சட்டைப் பொத்தானைத் தளர்த்தி, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நினைவு திரும்பும்வரை தண்ணீர் கொடுக்க வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷத்தைத் தாண்டினாலோ, தெளியுமுன் மறுபடி வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்கு நாச்சாரம் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. மற்றவர்களுக்குக் காந்தி, உஸ்மானியா அரசு ஆஸ்பத்திரிகள் உண்டு. அங்கே "மூர்ச்ச" என்று சொன்னால் வெறும் மயக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். தெலுங்கில் வலிப்பு நோய்க்கும் அதே சொல்தான்.

பொங்கல் விழாவுக்குப் பந்தல் போடும் நம் சங்கங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டர் ஒருவரை அழைத்து இதைப் பற்றித் தமிழில் பேச வைக்கலாம். நோய் உள்ளவர்கள் முன்வரிசையில் வந்து உட்கார மாட்டார்கள். ஆனால் பின்வரிசையில் நின்றாவது கேட்பார்கள். அது போதும்.