வீட்டுக்குள்ளேயே சர்வர்... ஃபயர்வால் வாங்கினால் மட்டும் போதுமா? கவனிக்க வேண்டியது என்ன? | விளக்கம்

2021 ஜூன் 23, 24 தேதிகளில் பல நாடுகளில் இருந்தவர்களுக்கு ஒரே மாதிரியான அதிர்ச்சி காத்திருந்தது. வீட்டில் இணையத்தோடு இணைத்து வைத்திருந்த 'மை புக் லைவ்' என்ற ஸ்டோரேஜ் கருவியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. வருடக்கணக்கில் சேர்த்து வைத்த குடும்ப போட்டோக்கள், வீடியோக்கள், ஆவணங்கள் எல்லாம் காலி. கருவி பழுதாகவில்லை. யாரோ எங்கிருந்தோ இணையம் வழியாக 'ஃபேக்டரி ரீசெட்' கட்டளை கொடுத்திருந்தார்கள்.

கருவியைத் தயாரித்த வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் உடனடியாகச் சொன்ன ஆலோசனை ஒன்றுதான்: இணைய இணைப்பைத் துண்டித்து விடுங்கள்.

வீட்டு சர்வர் என்பது இன்று கம்ப்யூட்டர் நிபுணர்களின் பொழுதுபோக்கு மட்டுமல்ல. கூகுள் போட்டோஸ் அதே 2021 ஜூன் 1 முதல் வரம்பில்லாத இலவச சேமிப்பை நிறுத்தியது. மாதாமாதம் கிளவுட் கட்டணம் கட்டுவதற்குப் பதிலாக, பழைய கம்ப்யூட்டரிலோ, ராஸ்பெர்ரி பை-யிலோ, ரெடிமேட் ஸ்டோரேஜ் பெட்டியிலோ சொந்தமாகச் சேமித்துக்கொள்ளலாம் என்று பலரும் யோசிக்கிறார்கள். அடுத்து அவர்கள் கேட்கும் கேள்வி, "எந்த ஃபயர்வால் நல்லது?" ஆனால் நடந்த சம்பவங்களைப் பார்த்தால், அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது.

ரவுட்டர் என்ன செய்கிறது?

வீட்டு வைஃபை ரவுட்டரை அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேன் மாதிரி நினைத்துக்கொள்ளலாம். வீட்டில் இருப்பவர் ஆர்டர் கொடுத்திருந்தால் டெலிவரி ஆளை உள்ளே விடுவார். யாரும் கூப்பிடாமல் வந்து நிற்பவரைத் திருப்பி அனுப்பிவிடுவார். பெரும்பாலான ரவுட்டர்களில் இந்தப் பாதுகாப்பு வாங்கும்போதே இருக்கிறது. அதாவது, ஃபயர்வால் ஏற்கெனவே வீட்டில் உண்டு.

அப்புறம் எப்படி ஹேக்கர்கள் உள்ளே வருகிறார்கள்? பெரும்பாலும் நாமே கதவைத் திறந்து வைப்பதால்தான். வெளியூரில் இருந்து போட்டோ பார்க்க வேண்டும், ஆபீஸில் இருந்து வீட்டு சர்வரைத் தொட வேண்டும் என்பதற்காக ரவுட்டரில் 'போர்ட் ஃபார்வர்டிங்' செய்கிறோம். 'இந்த எண்ணைக் கேட்டு யார் வந்தாலும் உள்ளே அனுப்பு' என்று வாட்ச்மேனிடம் சொல்வது மாதிரி அது. இன்னொன்று 'யுபிஎன்பி' வசதி. இதில் வீட்டில் இருக்கும் கருவியே நம்மைக் கேட்காமல் ரவுட்டரிடம் பேசிக் கதவைத் திறந்துகொள்ளும்.

மை புக் லைவ் விஷயத்தில் நடந்ததும் இதுதான். நேரடி இணைப்பு, கையால் செய்த போர்ட் ஃபார்வர்டிங், தானாகத் திறந்த யுபிஎன்பி என ஏதோ ஒரு வழியில் கருவிகள் வெளியில் தெரிந்திருக்கின்றன என்று அந்த நிறுவனமே விளக்கியது. 2010-ல் அறிமுகமான அந்தக் கருவிக்குக் கடைசி அப்டேட் வந்தது 2015-ல். 2018-ல் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டபோதும் சரிசெய்யப்படவில்லை. சம்பவத்துக்குப் பிறகு ஆராய்ந்தபோது இன்னொன்றும் தெரியவந்தது. ஃபேக்டரி ரீசெட்டுக்கு முன் பாஸ்வேர்டு கேட்கும் நிரல் வரிகள் கருவிக்குள் இருந்தன. ஆனால் அவை வேலை செய்யாதபடி முடக்கப்பட்டிருந்தன.

டெட்போல்ட்: பூட்டிவிட்டுப் பணம் கேட்ட கும்பல்

2022 ஜனவரி இறுதியில் க்யூநாப் நிறுவனத்தின் ஸ்டோரேஜ் கருவிகளை 'டெட்போல்ட்' என்ற ரேன்சம்வேர் தாக்கியது. கருவியின் லாகின் பக்கம் வர வேண்டிய இடத்தில் மிரட்டல் செய்திதான் வந்தது. ஃபைல்கள் எல்லாம் பூட்டப்பட்டிருந்தன. திறக்க 0.03 பிட்காயின் கேட்டார்கள். ஓட்டை பற்றிய விவரத்துக்கு 5 பிட்காயின், எல்லோருடைய ஃபைல்களையும் திறக்கும் மாஸ்டர் சாவிக்கு 50 பிட்காயின் என்று க்யூநாப் நிறுவனத்திடமே பேரம் பேசினார்கள்.

வாடிக்கையாளர்களுக்கு க்யூநாப் சொன்ன அறிவுரை: போர்ட் ஃபார்வர்டிங்கை நிறுத்துங்கள், யுபிஎன்பியை அணையுங்கள், அப்டேட் செய்யுங்கள்.

இந்தக் கதையில் ஒரு சுவாரஸ்யமான திருப்பமும் உண்டு. 2022 அக்டோபரில் நெதர்லாந்து போலீசார் அந்தக் கும்பலையே ஏமாற்றி 155 சாவிகளைப் பெற்றார்கள். பணத்தை அனுப்பி, பரிவர்த்தனை முழுமையாக உறுதியாவதற்குள் சாவியை வாங்கிக்கொண்டு, பணத்தைத் திரும்ப எடுத்துவிட்டார்கள். ஆனால் எல்லா ஊர் போலீசாரும் இப்படிக் காப்பாற்றுவார்கள் என்று நம்பி உட்கார முடியாது.

போட்டோ மட்டும்தானா பிரச்சனை?

இல்லை. பாஸ்வேர்டுகளைப் பாதுகாக்கும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் 2022-ல் நடந்த பெரிய தரவுத் திருட்டின் ஒரு கண்ணி, அந்நிறுவன மூத்த இன்ஜினியர் ஒருவரின் வீட்டுக் கம்ப்யூட்டர். அதில் இருந்த மீடியா மென்பொருளின் ஓட்டை வழியாக நுழைந்து, அவர் தட்டச்சு செய்த மாஸ்டர் பாஸ்வேர்டைப் பிடித்துவிட்டார்கள். அந்த மென்பொருள் ப்ளெக்ஸ். ஓட்டை 2020 மே மாதமே சரிசெய்யப்பட்டிருந்தது. அப்டேட் செய்யாமல் விட்டதால், சினிமா பார்க்க வைத்திருந்த மென்பொருள் லட்சக்கணக்கான வாடிக்கையாளர்களின் பிரச்சனையாக மாறியது.

சரி, எந்த ஃபயர்வால்?

முதல் கேள்விக்குப் பதில் கிடைத்தால் இதற்கு விடை சுலபம். வீட்டு சர்வரை வெளியில் இருந்து யார் பயன்படுத்தப் போகிறார்கள்? நாம் மட்டுமா, குடும்பத்தினரா, முன்பின் தெரியாதவர்களுமா?

*ரவுட்டரில் இருப்பதே போதும்:* சர்வர் வீட்டுக்குள் மட்டும் பயன்பட்டால் தனியாக எதுவும் வாங்கத் தேவையில்லை. யுபிஎன்பியை அணைக்க வேண்டும். வெளியில் இருந்து ரவுட்டரை நிர்வகிக்கும் வசதியையும் அணைக்க வேண்டும். கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். 2016-ல் பிரபல இணையதளங்களை முடக்கிய 'மிராய்' வைரஸ், கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுகளை வைத்துத்தான் பரவியது.

*சர்வரிலும் ஒரு ஃபயர்வால்:* உபுண்டு போன்ற லினக்ஸில் 'யுஎஃப்டபிள்யூ' இலவசமாகவே கிடைக்கிறது. உள்ளே வரும் எல்லாவற்றையும் தடுத்துவிட்டு, தேவையானதை மட்டும் அனுமதிப்பதுதான் முறை. இங்கே பலர் சறுக்கும் இடம் டாக்கர். அதில் வெளியிடும் போர்ட்டுகள் யுஎஃப்டபிள்யூ விதிகளைத் தாண்டிப் போய்விடும். தடுத்துவிட்டோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, கதவு திறந்தே இருக்கும்.

*ஓபன்டபிள்யூஆர்டி:* ஒத்துவரும் ரவுட்டரில் கம்பெனி மென்பொருளுக்குப் பதிலாகப் போடலாம். கம்பெனி அப்டேட் நின்றுபோன பல ரவுட்டர்களுக்கு இது இரண்டாவது வாழ்க்கை.

*பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ்:* இவை தனி ஃபயர்வால்கள். இரண்டு நெட்வொர்க் போர்ட் உள்ள சின்ன கம்ப்யூட்டர் வேண்டும். சிசிடிவி, ஸ்மார்ட் டிவி ஆகியவற்றை ஒரு பகுதியிலும், சர்வரை இன்னொரு பகுதியிலும் பிரித்து வைக்கலாம். ஒரு கேமரா சிக்கினாலும் சர்வர் வரை போக முடியாது. ஆனால் இதைத் தொடர்ந்து பராமரிக்க ஆள் வேண்டும். போட்டுவிட்டு மறந்துபோகும் ஃபயர்வால், அப்டேட் இல்லாத இன்னொரு கருவி, அவ்வளவுதான்.

வெளியூரில் இருந்து எப்படிப் பார்ப்பது?

நாமும் குடும்பத்தினரும் மட்டும் என்றால் விபிஎன்தான் பாதுகாப்பான வழி. 'வயர்கார்டு' இதற்குப் பிரபலம். சரியான சாவி இல்லாமல் வரும் எந்தத் தகவலுக்கும் அது பதிலே சொல்லாது. இணையத்தைத் துழாவும் ஹேக்கருக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது.

இந்தியாவில் பல இணைய இணைப்புகளில் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகள் பகிர்கின்றன. அதனால் போர்ட் ஃபார்வர்டிங் வேலையே செய்யாது. 'டெயில்ஸ்கேல்' மாதிரியான சேவைகள் அங்கே கைகொடுக்கும். அதற்காக, நம்மை யாரும் தொட முடியாது என்று நினைத்துவிடக் கூடாது. ஐபிவி6 இருந்தால் வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் உலகம் முழுக்கச் செல்லுபடியாகும் முகவரி கிடைக்கலாம். ரவுட்டரில் ஐபிவி6 ஃபயர்வால் இயங்குகிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் செய்தாலும் பேக்கப் கட்டாயம். மூன்று பிரதிகள், இரண்டு வகை சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில் என்பது பொதுவான கணக்கு. ரெய்டு முறையில் இரண்டு டிஸ்க் போட்டிருப்பது பேக்கப் ஆகாது. ஏன்னா, ஒன்றில் அழித்தால் இன்னொன்றிலும் அழிந்துவிடும்.

பொறுப்பு யாருக்கு?

அப்டேட் நிறுத்தப்பட்ட கருவியை வாங்கியவர் மீது மட்டும் பழி போடுவது நியாயமா? பிரிட்டன் இதற்குச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது. 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் வீட்டுக் கருவிகளில் எல்லாவற்றுக்கும் பொதுவான பாஸ்வேர்டு வைத்து விற்க முடியாது. எவ்வளவு காலம் பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டத்தின் முக்கிய விதிகள் 2027 டிசம்பரில் அமலுக்கு வருகின்றன. எக்ஸ்பைரி தேதி பார்த்து பிஸ்கட் வாங்குகிறோம். ஸ்டோரேஜ் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் 'அப்டேட் எந்த வருஷம் வரை?' என்று கடையில் கேட்கும் காலம் வந்துவிட்டது.

இப்போதே செய்து பார்க்கக்கூடிய எளிய சோதனை ஒன்று: மொபைலில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் வீட்டு இணைய முகவரியைத் திறந்து பாருங்கள். விபிஎன் இல்லாமலேயே சர்வரின் லாகின் பக்கம் வந்தால், உங்களுக்குத் தெரியும் அதே பக்கம் உலகத்தில் எல்லோருக்கும் தெரிகிறது என்று அர்த்தம். எந்த ஃபயர்வால் வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன், அந்தக் கதவை மூடிவிடுங்கள்.