உதவி அட்டையை எடுத்தால் என்ன குறைந்துவிடும்?

விடுமுறை நாள் மதியம். ஹாலில் நாலு பேர் தரையில் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் பத்துப் பதினைந்து அட்டைகள், ஒரு சின்னப் புத்தகம், சுழற்றிச் சுழற்றிப் பார்க்க ஒரு வட்டத்தட்டு. ஒரே புதிரில் மாட்டிக்கொண்டு இருபது நிமிடம் ஆகிவிட்டது. கடைசித் தம்பி மெதுவாகக் கையை நீட்டி உதவி அட்டையைத் தொடுகிறான். "டேய், கீழே வை! நாமே கண்டுபிடிச்சுடலாம்" என்று ஒரு அதட்டல். அண்ணன்தான், வேறு யார்?

வீட்டில் விளையாடும் எஸ்கேப் ரூம் விளையாட்டு கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சரி, இது என்ன விளையாட்டு என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. 2004ல் ஜப்பானைச் சேர்ந்த தோஷிமிட்சு தகாகி 'கிரிம்சன் ரூம்' என்று ஒரு கணினி விளையாட்டை வெளியிட்டார். பூட்டிய சிவப்பு அறை, அங்கங்கே ஒளிந்திருக்கும் பொருட்கள், வெளியே வர வழி தேட வேண்டும், அவ்வளவுதான். 2007ல் கியோட்டோ நகரில் தகாவோ காடோவின் 'ஸ்க்ராப்' நிறுவனம், நிஜ மனிதர்கள் நிஜ இடத்தில் கூடிப் புதிர் விடுவிக்கும் விளையாட்டைத் தொடங்கியது. பின்னர் அது உலகம் முழுக்கப் பரவியது. 2016ல் ஜெர்மனியின் கோஸ்மோஸ் நிறுவனம் அந்த அனுபவத்தை ஒரு சின்னப் பெட்டிக்குள் அடைத்து 'எக்ஸிட்' என்ற பெயரில் விற்க ஆரம்பித்தது. உருவாக்கியவர்கள் இன்கா பிராண்ட், மார்க்கஸ் பிராண்ட் தம்பதி. அனுபவமுள்ள ஆட்டக்காரர்களுக்கான ஜெர்மானிய விருதை 2017ல் வாங்கியதும் இதுதான்.

பெட்டியில் இருப்பது புதிர் அட்டை, விடை அட்டை, உதவி அட்டை என்று மூன்று வகை. புதிரை விடுவித்தால் மூன்று இலக்கம் கிடைக்கும். அதை வட்டத்தட்டில் வைத்துத் திருப்பினால் எந்த விடை அட்டையைப் பார்க்க வேண்டும் என்று தெரியும். சரியாக இருந்தால் அடுத்த கதவு திறக்கும். நடுவில் அட்டையை வெட்டச் சொல்லும், மடிக்கச் சொல்லும், கிழிக்கவும் சொல்லும். ஆகவே ஒரு பெட்டியை ஒரு முறைதான் விளையாட முடியும்.

"ஒரு தடவைக்கா இவ்வளவு காசு?" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். பெட்டி 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நாலு பேருக்குத் தலைக்கு 375 ரூபாய். மாணவர்களுக்கு அது சின்னத் தொகை இல்லை. கிழிக்க மனசு வராதவர்களுக்கு 2017ல் வந்த 'அன்லாக்' மாதிரி விளையாட்டுகள் இருக்கின்றன. அட்டைகள் சேதமாகாது, முடித்துவிட்டு இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கலாம். ஆனால் எந்தப் பெட்டியை வாங்கினாலும் காசு கொடுத்து வாங்குவது காகிதத்தை அல்ல. நாலு பேர் ஒரே விஷயத்தை யோசிக்கும் ஒன்றரை மணி நேரத்தைத்தான். அதில் நாற்பது நிமிடம் மூன்று பேர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால், நஷ்டம் அங்கேதான் இருக்கிறது, கிழிந்த அட்டையில் இல்லை.

வணிகவியல் மாணவர்களுக்கு இது பழக்கமான தப்பு. செலவழித்தது திரும்பி வராது, அதை மனதில் வைத்து அடுத்த முடிவை எடுக்கக்கூடாது என்று பரீட்சையில் அழகாக எழுதுவார்கள். விளையாட உட்கார்ந்தால், "இருபது நிமிஷம் ஆயிடுச்சு, இப்போ போய் உதவி எடுக்கறதா?" என்று அதே மாணவர்கள் இன்னும் இருபது நிமிடத்தைத் தூக்கிப் போடுவார்கள் :-)

உண்மையில் இந்த விளையாட்டிலேயே மிக யோசித்துச் செய்த பகுதி உதவி அட்டைதான். ஒவ்வொரு புதிருக்கும் மூன்று. முதலாவது ஒரு சின்னத் துப்பு கொடுக்கும். கூடவே, இந்தப் புதிருக்கு எந்தெந்தப் பொருட்கள் வேண்டும் என்றும் சொல்லும். இரண்டாவது இன்னும் தெளிவாக வழிகாட்டும். மூன்றாவது முழு விடை. இதில் முதல் அட்டையைக் கவனியுங்கள். வேண்டிய பொருள் இன்னும் கைக்கே வரவில்லை என்றால், எவ்வளவு பெரிய புத்திசாலியாலும் அந்தப் புதிரை விடுவிக்க முடியாது. அதை ஒரு அட்டை சொல்லிவிடும். வீம்பு சொல்லாது. அது மட்டுமில்லை, ஏற்கெனவே தெரிந்ததையே ஓர் உதவி அட்டை சொன்னால், மதிப்பெண் போடும்போது அதைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை என்று விதியிலேயே இருக்கிறது. நேரம் கடந்தாலும் யாரும் வெளியே தள்ளுவதில்லை. நட்சத்திரம் குறையும், அவ்வளவுதான்.

பிறகு ஏன் இந்தக் கூச்சம்? பள்ளிக்கூடப் பழக்கம். பக்கத்துப் பேப்பரைப் பார்த்தால் குற்றம், கேட்டால் அவமானம், தனியாகப் போட்ட விடைக்குத்தான் மார்க் என்று பன்னிரண்டு வருடம் பழகிய கை அது. உதவி அட்டை பக்கம் போகவே பயப்படும். அதனால்தான் நாலு பேர் சேர்ந்து ஆட வேண்டிய விளையாட்டு, நன்றாகப் படிக்கும் ஒருவர் எழுதும் பரீட்சையாகவும் மற்ற மூன்று பேர் அதற்குக் கண்காணிப்பாளர்களாகவும் மாறிவிடுகிறது.

எடுத்த எடுப்பிலேயே உதவி பார்த்தால் சுவாரசியம் போய்விடாதா? போய்விடும். தானாகத் திறக்கும் பூட்டின் சந்தோஷமே தனி, அதை யாரும் மறுக்க முடியாது. அதற்கு ஒரு எளிய ஏற்பாடு போதும். ஐந்து நிமிடமாக யாரிடமிருந்தும் புதிதாக ஒரு யோசனைகூட வரவில்லையென்றால் முதல் அட்டையைப் புரட்டுவது. புரட்டச் சொல்லும் உரிமை, கையில் புதிர் அட்டையை வைத்திருப்பவருக்கு இல்லை. சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு. எடுத்தவரே அதை உரக்கப் படிக்க வேண்டும். மூன்றாவது அட்டைக்கு மட்டும் எல்லோரும் சம்மதிக்க வேண்டும்.

இப்படி ஆடினால் நட்சத்திரம் ஒன்றிரண்டு குறையலாம். ஆனால் பெட்டியை மூடும்போது, "அந்தப் பூட்டை நான்தான் திறந்தேன்" என்று சொல்ல நாலு பேருக்கும் ஏதாவது ஒன்று இருக்கும். முக்கியமாக, அடுத்த பெட்டி வாங்கலாமா என்று கேட்டால், அந்தக் கடைசித் தம்பி முதலில் கையைத் தூக்குவான்.