குளிசையும் கிளினிக்கும்

கடல் கடந்து வாழும் நம் பழைய மாணவர் பலாபத்வலவிலுள்ள அன்னையர்க்கு அனுப்பும் பொதிகளில் உயிர்ச்சத்துக் குளிசைப் போத்தலொன்று பெரும்பாலும் இடம்பெறக் காண்கின்றோம். அன்பின் அடையாளமென்ற அளவில் அதனைப் பழியோம். ஆயின், மார்பகப் புற்றுநோயை அது தடுக்குமென்ற நம்பிக்கையை எம்மால் ஏற்க இயலவில்லை.

இலங்கை மாதரைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் முதலிடம் பெறுவது இந்நோயே. அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 36,282 பெண்டிர் ஓர் ஆய்வுக்குட்பட்டனர். ஒரு சாரார்க்குச் சுண்ணச்சத்தும் 'டி' உயிர்ச்சத்தும், மறுசாரார்க்கு மருந்தற்ற குளிசையும் ஏறத்தாழ ஏழாண்டு அளிக்கப்பட்டன. 2008இல் வெளியான முடிவின்படி, இருசாராரிடத்தும் மார்பகப் புற்றுநோய் ஏறக்குறைய ஒரே அளவிலேயே தோன்றிற்று. பின்லாந்திலோ புகைபிடிக்கும் ஆடவர்க்குப் பீட்டா கரோட்டீன் குளிசை கொடுத்துப் பார்த்தபோது நுரையீரற் புற்றுநோய் மிகுந்ததென 1994இல் அறியப்பட்டது. சத்தென்று பெயர் சூடியதெல்லாம் தீங்கற்றதன்று போலும்!

வல்லாரையையும் முருங்கையிலையையும் கைவிடச் சொல்கின்றோமல்லோம். அவை நல்லுணவு, நோய்க்காப்பன்று. மதுவை விலக்கலும், உடற்பருமன் மிகாது காத்தலும், மகவுக்குத் தாய்ப்பாலூட்டலும் இந்நோய் வரும் வாய்ப்பைக் குறைப்பன.

எம்மை வருத்துவது வேறொன்று. மார்பிலே கட்டி கண்ட தாய் நாணத்தால் மறைக்கின்றாள். மைந்தனோ அதுபற்றி வினவக் கூசுகின்றான். நோவில்லையே என்று ஆறுதல் கொள்வாருமுளர். புற்றுக்கட்டி தொடக்கத்திற் பெரும்பாலும் நோவதில்லை. கட்டிகளுட் பல புற்றல்ல என்பதும் உண்மையே. அதனைத் தெளிதற்கு மருத்துவரிடமன்றோ செல்லல் வேண்டும்? 1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்குகளில் முப்பத்தைந்து வயதடைந்த மாதர் கட்டணமின்றி மார்பகப் பரிசோதனை பெறலாம். கட்டி கண்டவரோ வயதையும் கிளினிக் நாளையும் பாராது, உடனே வைத்தியசாலைக்குச் செல்வாராக.